திரை அக்காவின் கழிவுக் கணக்கு

அவளைத் தெருவில் எல்லோரும் திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த சலவைக்கடைக்காரர்கூட வாய் நிறைய "அக்கா" என்பார், அவளும் தட்டாமல் "என்ன தம்பி?" என்பாள். ஜன்னலுக்குத் திரை தைப்பது அவள் தொழில். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நின்ற இடத்திலிருந்தே ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பாள். எவ்வளவு துணி பிடிக்கும், மடிப்பு எத்தனை விழும், வெயில் பட்டு எந்தப் பக்கம் முதலில் வெளுக்கும் என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பாது. ஆனால் "வருஷத்துக்கு எவ்வளவுக்கா சம்பாதிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அங்கே யாரோ எழுதி வைத்திருக்கிற மாதிரி.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடிப்பதும் கிழிந்த திரைகளுக்கு ஒட்டுப் போடுவதும்தான் வேலை. ஹோட்டலை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய தையல் இயந்திரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஆரம்பித்தாள். பகலில் கட்டிலைத் தூக்கிச் சுவரோரமாக நிறுத்திவிட்டுத் தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டுவாள். பேருந்து ஓட்டும் கணவர் அதிகாலை முறை முடிந்து வந்து அடுக்களையில் பாயை விரித்துக்கொள்வார். அவர் கால் மேல் துணி விழும், துணி மேல் அவர் கால் விழும். இப்படியே பல வருஷம் ஓடியது.

அப்புறம்தான் கடைத்தெருவில் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். தச்சரை உள்ளேயே வரவழைத்து அறையின் நீளத்துக்கு ஒரு வெட்டுமேசை செய்துகொண்டாள். நின்றபடியே வெட்டலாம், முழங்காலுக்கு விடுதலை. அந்த மேசையைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்து போனார்கள். உள்ளே வைத்துச் செய்ததால் அது வாசல் வழியாக வெளியே போகாது என்பதை மேசை முடிந்த பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள். "எதுக்கு வெளியே போகணும்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள் அவள்.

அவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. துணிக்கடையில் தரும் ரசீதின் பின்பக்கத்தில்தான் ஜன்னலின் அளவைக் குறித்துக்கொள்வாள். திரை தைத்து முடித்ததும் அந்த ரசீதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, திரையின் கீழ்மடிப்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவாள். பிறகு எப்போதாவது "இதே துணியில இன்னொண்ணு வேணும்" என்று கேட்டால், மடிப்பைப் பிரித்தால் போதும். கடை பெயர், துணி எண், அளவு எல்லாம் அங்கேயே இருக்கும். யாரிடமும் கற்றுக்கொண்டதல்ல, அவளுக்கே தோன்றியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மற்றபடி கணக்கு வழக்கு என்று ஒன்றும் கிடையாது. வரும் பணம் ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும். துணிக்கும் வாடகைக்கும் நூலுக்கும் அதிலிருந்தே போகும். டப்பா காலியாக இருந்தால் கஷ்டகாலம், மூடி மூடாவிட்டால் நல்லகாலம். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன கணக்கு வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இந்த நிம்மதியில்தான் கட்டடக்காரரின் மகன் வந்து மண்ணைப் போட்டார். வயதான தகப்பனாருக்கு முடியாமல் போனதால் கட்டடம் மகன் கைக்கு வந்திருந்தது. புதிய கை, எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று துடித்தது.

"அக்கா, உங்க ஒப்பந்தம் இன்னும் மூணு மாசத்துல முடியுது. புதுப்பிக்கணும்னா வரி அலுவலகத்துல இருந்து பாக்கி இல்லைன்னு ஒரு சான்றிதழ் வேணும். இனிமே எல்லாக் கடைக்கும் இதுதான்."

"வரியா? நான் என்னப்பா, கம்பெனியா நடத்துறேன்? ஒரு மேசை, ஒரு மிஷின்."

"ஒரு மேசைன்னாலும் தொழில் தொழில்தானேக்கா. எதுக்கும் சொல்லிடறேன், பக்கத்துல போன் ரிப்பேர் பண்றவர் இந்த ரூமைக் கேட்டுட்டே இருக்கார். நான்தான் உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

அன்று மாலை அவள் கணவரிடம் கேட்டாள். "என்னங்க, உங்க சம்பளத்துல மாசாமாசம் வரி பிடிக்கிறாங்கதானே?"

"பிடிக்கிறாங்க."

"அது போதாதாமா?"

"அது என்னோடதும்மா."

"உங்களோடதுன்னா என்னோடது இல்லையா?"

இதற்கு எப்படிப் பதில் சொன்னாலும் வம்பு என்று தெரிந்த மனிதர் அவர். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. கணவரின் ஒரே தங்கை அவள். நாற்பது வயதிலும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். ஓர் ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுண்டரில் உட்காருபவள். உலகத்தில் தனக்குத் தெரியாத காகிதமே இல்லை என்பது அவள் எண்ணம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

"அண்ணி, சான்றிதழுக்கு முதல்ல வரிப் படிவம் கொடுக்கணும். அதை என்கிட்ட கொண்டு வாங்க, நான் நிரப்பித் தரேன். ஆனா தமிழ்ப் படிவம் மட்டும் வாங்கிடாதீங்க. அதை எழுதினவருக்கே அது புரிஞ்சிருக்காது."

பாப்பா சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணிக்கோ சுருக்கென்றது. தமிழைத் தவிர வேறெதையும் சரளமாகப் படிக்கத் தெரியாதவள் அவள். எனக்குத் தெரிந்த ஒரே பாஷையையும் எனக்குப் புரியாது என்கிறாளே என்று மனதுக்குள் பொங்கினாள். மறுநாளே வரி அலுவலகத்துக்குப் போய் வீம்புக்குத் தமிழ்ப் படிவத்தையே வாங்கி வந்தாள். வாங்கியதைப் பாப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

பாப்பா சொன்னதில் தப்பில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 'மேற்படி காலத்தே தம்மால் ஈட்டப்பெற்றதும் ஈட்டப்பெற வேண்டியதுமாயுள்ள யாதேனும் வரவினம்' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் கீழே இறங்கிக்கொண்டே போனது. முற்றுப்புள்ளியைக் கண்டுபிடிக்க விரலை வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"புரியுதாங்க?"

"யாரையோ திட்டுற மாதிரி இருக்கு," என்றார் அவர்.

ஆனாலும் அவள் விடவில்லை. 'மொத்த வரவு' என்ற கட்டம் புரிந்தது. எந்த வீட்டில் எத்தனை ஜன்னல், எவ்வளவு வாங்கினாள் என்பதெல்லாம் மனப்பாடம். ஜன்னல் ஜன்னலாக ஞாபகப்படுத்திச் சொல்ல, கணவர் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் வந்த தொகையைப் பார்த்து இருவரும் ஆடிப்போனார்கள். அவருடைய வருஷச் சம்பளத்தைவிட அதிகம்! இவ்வளவா சம்பாதித்தாள்? பிஸ்கட் டப்பாவில் அப்படி எதையும் அவள் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் கூட்டல் கூட்டல்தானே. ஒரு வாரத்துக்கு அவள் நடையே வேறாக இருந்தது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசக்கூட மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த கட்டத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. 'தொழில் நிமித்தம் ஏற்பட்ட கழிவுகள், மொத்தம்.'

கழிவு என்றால் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் இருக்கும் பச்சைத் தொட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, 'கழிவுகளை இதில் இடவும்' என்று. தினமும் அவள் வெட்டுத்துண்டுகளை மூட்டையாகக் கட்டி அதில்தான் போடுகிறாள். நகரசபை வேறு இப்போதெல்லாம் குப்பை விஷயத்தில் கெடுபிடி செய்கிறது. அதனால் வரி அலுவலகம் குப்பைக் கணக்குக் கேட்பதில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

"இதையும் விட மாட்டேங்கிறாங்க பாருங்க," என்றாள்.

வருஷம் முழுக்கப் போட்ட குப்பையை இப்போது எங்கே போய் எடை போடுவது? ஒரு வாரத்து மூட்டையை எடை போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம் என்று கணவர் யோசனை சொன்னார். வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை இயந்திரம் ஒன்று இருந்தது. மூட்டையைத் தனியாக வைத்தால் எண் மறைந்தது. அதனால் அவர் முதலில் தனியாக ஏறினார், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கழித்துப் பார்த்தால் குப்பையின் எடை. அதில் அவருடைய எடையும் வெளியே வந்துவிட்டது. "மிஷின் சரியில்லை," என்றார். அவள் மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் அதே எண்தான் வந்தது. இரண்டு நாள் ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

பெருக்கிப் பார்த்ததில் வருஷத்துக்கு எழுபத்தெட்டுக் கிலோ வந்தது. அவள் முகம் சுண்டிப்போனது. துணியை வீணாக்காமல் வெட்டுகிறவள் என்பதுதான் தொழிலில் அவளுடைய மானமே. ஹோட்டலில் அவள் வெட்டினால் மிச்சத்தில் தலையணை உறை தைக்கலாம் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் எழுபத்தெட்டுக் கிலோவைத் தொட்டியில் கொட்டியிருக்கிறாள் என்று நாலு பேர் பார்க்கிற காகிதத்தில் எப்படி எழுதுவது? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கத்திடம் பொய் சொன்னாள். முப்பத்தெட்டு என்று எழுதினாள்.

'தேய்மானம்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. தன் முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, அது அவர்களுக்கு எதற்கு என்று 'இல்லை' போட்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கடைசி வரியில் கட்ட வேண்டிய தொகை இருந்தது. அதைப் படித்ததும் அவள் வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷ வாடகையைவிட அதிகம். இதைக் கட்டினால்தான் பாக்கி இல்லை என்ற சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் அறை. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் இதில் கால்வாசி தேறாது.

"எதுக்குங்க இவ்வளவு?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கழிவைக் குறைச்சு எழுதினியே, அது தெரிஞ்சு போச்சோ?" என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அதேதான். குப்பை வண்டிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஏன் எடை போட்டார்கள், போட்டதை யாரிடம் சொன்னார்கள், சொன்னதற்கும் இந்தத் தொகைக்கும் என்ன சம்பந்தம், ஒன்றும் புரியவில்லை. ஆனால் பொய் சொன்னது உண்மை, தண்டனை வந்ததும் உண்மை. நடுவில் இருப்பதைப் புரிந்துகொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் போன் ரிப்பேர்காரர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அறையை அளந்தார். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே கேட்டார், "அக்கா, இந்த மேசையை எப்படி எடுப்பீங்க? அறுத்துத்தான் எடுக்கணும் போல?"

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுபடியும் கட்டிலைத் தூக்கி நிறுத்தித் தரையில் மண்டியிட வேண்டும் என்று நினைத்து இன்னொரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே வரி அலுவலகத்துக்குப் போனாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொஞ்சம் குறைப்பார்கள் என்பது அவள் கணக்கு.

கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மாள் கணினிக்குப் பின்னால் இருந்தார். "என்னம்மா விஷயம்?"

"மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கழிவுல பொய் எழுதிட்டேன்."

அதிகாரி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மேசைக்கு முன்னால் வந்து தாமாக ஒப்புக்கொண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை. "கூட்டி எழுதிட்டீங்களா?"

"இல்லைங்க. குறைச்சு எழுதிட்டேன்."

"குறைச்சா? ஏன்?"

"அவமானமா இருந்துச்சுங்க."

அதிகாரி அம்மாள் கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கழிவு அதிகமா இருந்தா உங்களுக்குத்தானேம்மா நல்லது?"

"அது எப்படிங்க நல்லது? எனக்கு வெட்டத் தெரியலைன்னு ஆயிடாதா?"

"வெட்டவா? எதை வெட்டினீங்க?" அந்த அம்மாளின் குரல் மாறிவிட்டது. அந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு லஞ்சம் கொடுப்பது என்று வேறு பொருள் உண்டு.

"துணியைத்தாங்க. வேற எதை?"

"சரி, விடுங்க. உண்மையான கழிவு எவ்வளவு? அதைச் சொல்லுங்க."

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டாயிரமா?"

"அய்யய்யோ, கிலோங்க."

அதிகாரி அம்மாள் பக்கத்து மேசையைப் பார்த்து, "சார், இங்க கொஞ்சம் வாங்களேன், கழிவு கிலோவுல வந்திருக்கு," என்றார். அந்த சார் வந்தார், கேட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு மேசை தள்ளியும் சிரிப்பு போயிற்று.

திரை அக்காவுக்குக் காது சிவந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பதைப்போலக் கேவலம் வேறில்லை. "எதுக்குங்க சிரிக்கிறீங்க? தெருமுனைத் தொட்டியில இதே வார்த்தைதானே எழுதியிருக்கு? அதுவும் நீங்க எழுதினது, இதுவும் நீங்க எழுதினது. நான் எங்க போய் வேற அர்த்தம் தேடுவேன்?"

சிரிப்பு நின்றது. அதிகாரி அம்மாள் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தை ஒருமுறை தாமே படித்துப் பார்த்தார். "சிரிச்சிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கங்கம்மா. இது குப்பை இல்லை. உங்க வரவுல இருந்து கழிக்க வேண்டியது. துணி வாங்கினது, வாடகை, நூல், கரண்ட்டு. தொழிலுக்குன்னு நீங்க செஞ்ச செலவு."

"நான் செஞ்ச செலவை நீங்க எதுக்குங்க கழிக்கணும்?"

"மீதி இருக்கறதுக்குத்தான் வரி. நீங்க முப்பத்தெட்டுன்னு எழுதிட்டீங்க. அதாவது வருஷம் பூராவும் தொழிலுக்கு நீங்க செலவு பண்ணினது முப்பத்தெட்டே முப்பத்தெட்டுன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். வந்த பணம் எல்லாம் லாபம்னு கணக்குப் போட்டு வரி அனுப்பிட்டோம்."

அவள் திருதிருவென்று விழித்தாள். பாதி புரிந்தது, பாதி கண்ணைக் கட்டியது. "அப்ப இப்ப என்னங்க பண்றது?"

"திருத்தின படிவம் கொடுங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. வாடகைக்குக் கட்டடக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கலாம். துணிக்குத்தான் ரசீது கட்டாயம். எல்லாம் வெச்சிருக்கீங்கதானே?"

"இருக்குங்க. ஒண்ணுகூடத் தொலைக்கலை."

"நல்லதாப் போச்சு. வீட்டுலயா, கடையிலயா?"

"ஜன்னல்லங்க."

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

முதலில் அவள் துணிக்கடைக்குத்தான் போய்ப் பார்த்தாள், நகல் கிடைக்குமா என்று. நகல் என்றதும் கடைக்காரர் முகம் மாறியது. பழைய ரசீதுப் புத்தகங்களை எல்லாம் எலி கடித்துவிட்டது என்றார். அந்தக் கடையில் இருந்த அத்தனை துணியையும் விட்டுவிட்டு ரசீதை மட்டும் தின்கிற எலி எந்த ஜாதியோ தெரியவில்லை. ஆக, வேறு வழியில்லை. இந்த ஒரு வருஷத்தில் தைத்த திரைகளை வீடு வீடாகப் போய்ப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு மடக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். போகிற இடமெல்லாம் குழப்பம்தான்.

"நல்லாத்தானேக்கா தொங்குது, எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"உள்ளே ஒரு ரசீது இருக்கும்மா. எடுத்துட்டுத் திரும்பத் தைச்சுக் கொடுத்துடறேன்."

"எங்க வீட்டுத் திரைக்குள்ள உங்க ரசீதா? எப்ப வெச்சீங்க?"

ஒரு வீட்டில் அவள் இன்னும் எதை எதை எங்கெங்கே வைத்திருக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, அவள் போன பிறகு தலையணைகளைக்கூட அமுக்கிப் பார்த்தார்களாம். பல் டாக்டர் வீட்டு முன்னறையில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். வேறு ஒரு குடும்பம் திரையோடு ஊரைவிட்டே போய்விட்டிருந்தது. அந்த ரசீது போனது போனதுதான். மற்ற மடிப்புகளை அங்கேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்தாள். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ரசீதுகளைக் கொண்டுபோய்ப் பாப்பாவின் முன்னால் கொட்டியபோது அவளிடம் உண்மையைச் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. பாப்பா கதையைக் கேட்டு மூச்சு முட்டச் சிரித்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணி?"

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பே."

"இப்ப மட்டும் சிரிக்கலையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டவள், அடுத்த நிமிஷமே ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாய் எப்படியோ, கை உதவுகிற கை.

கடைசியாகப் பாக்கி இருந்தது கட்டடக்காரர் மகனின் வீடு. கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போகும் ஜன்னல்கள், வருஷத்திலேயே விலை கூடிய துணி. அந்த ரசீது இல்லாமல் கணக்கு நிற்காது. அவர் தன் கையாலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குள்ளயா இருந்துச்சு? தினமும் இதுக்குப் பக்கத்துலதான்க்கா உக்காந்து டீ குடிக்கிறேன்."

அவள் ஏணியில் ஏறித் திரையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று கீழ்மடிப்பைப் பிரித்து, உறையை எடுத்து ரசீதைப் பார்த்தாள். பின்பக்கத்து அளவைத்தான் எப்போதும் பார்ப்பாள். அன்றுதான் முன்பக்கத்தைப் பார்த்தாள். துணிக்கு அவள் கொடுத்த தொகை இருந்தது. இவரிடம் மொத்தமாக வாங்கிய தொகை நினைவுக்கு வந்தது. கட்டடக்காரர் வீடாயிற்றே, அதிலும் இவர் "நமக்குள்ள என்னக்கா" என்று இழுத்து இழுத்துப் பேரம் பேசினார் என்று குறைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியதைப் பார்த்தால், ஒரு டீ செலவுக்குத்தான் தேறும். தப்பாகப் படிக்கிறோமோ என்று வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

"கிடைச்சுதாக்கா?" என்றார் அவர் கீழேயிருந்து.

"கிடைச்சுது," என்றாள்.

அன்று மாலை பாப்பா கூட்டி, கழித்து, பேனாவைக் கீழே போட்டுக் கைதட்டினாள். "அண்ணி, வரியே கிடையாது! ஒரு காசு கட்ட வேண்டாம். உங்க வருமானம் வரி போடற அளவுக்கே வரலை!"

கணவர் முகம் மலர்ந்தது. "அப்ப சான்றிதழ் கிடைச்சுடும்!"

"கிடைச்சுடும் அண்ணா. அறையும் கிடைச்சாச்சு."

திரை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வரி போடற அளவுக்கு வரலைன்னா எவ்வளவு வந்திருக்கு?"

பாப்பா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். அடியில் கோடு போட்டு ஓர் எண் இருந்தது.

"இது ஒரு மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு அண்ணி."

"திரும்பக் கூட்டு."

பாப்பா திரும்பக் கூட்டினாள். தொலைந்த ரசீதுக்கு உத்தேசமாகக்கூட எதையும் கழிக்கவில்லை, கழித்தால் இன்னும் குறையும் என்றாள். அதே எண்தான். கணவர் பண்டிகை நாட்களில் கூடுதல் முறை ஓட்டிக் கொண்டுவரும் பணம்கூட இதைவிட அதிகம். ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தாளே, காய்கறிக்காரரிடம் பேரம் பேசாமல் வந்தாளே, அதெல்லாம் ஞாபகம் வந்து அவளுக்கு மானம் போயிற்று. இத்தனை ஜன்னல், இத்தனை மடிப்பு, குத்திய ஊசி, தேய்ந்த முழங்கால்.

"அப்ப வருஷம் பூராவும் நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்?" என்றாள்.

"மேசைக்கு வாடகை கட்டிட்டிருந்தே," என்றார் கணவர் வாய் தவறி. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். தப்பித்ததற்குச் சந்தோஷப்படுவதா, தப்பித்த காரணத்துக்கு அழுவதா என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எல்லோரும் கொண்டாடுகிற ஓர் எண் தன்னை மட்டும் அடித்துப் போட்டது ஏன் என்று யாரிடம் கேட்பது?

திருத்திய படிவத்தை அதிகாரி அம்மாள் ரசீது ரசீதாகப் பார்த்தார். ஊசித் துளை விழுந்த ரசீதுகளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம். "இப்ப கழிவு சரியா இருக்கும்மா," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த முறை அவளும் சிரித்தாள். தேய்மானம் என்றால் என்ன என்று கேட்க நினைத்து, இன்னொரு குழப்பத்துக்கு இப்போது இடமில்லை என்று வாயை மூடிக்கொண்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கையில் கட்டடக்காரர் மகன் புதிய காகிதங்களோடு கடைக்கு வந்தார். சான்றிதழைப் பார்த்தார், திருப்தி. வெட்டுமேசை மேலேயே வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேசை இனி எங்கேயும் போகாது.

காகிதங்களை மடித்துக்கொண்டே அவர் சொன்னார், "அக்கா, மாடியில ரெண்டு ஜன்னல் இருக்கு. கூடத்துக்குப் போட்ட மாதிரியே போட்டுடுங்க. அதே துணி, அதே ரேட்டு."

வழக்கமாக அவள் இந்த இடத்தில் தலையாட்டியிருப்பாள். அன்று ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். துணி என்று ஒரு வரி எழுதினாள். உள்துணி, நூல், வளையம், ஏறி மாட்டுவது, அறை வாடகையில் இரண்டு நாள் என்று கீழே கீழே எழுதிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'நான்' என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே என்ன போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு ஒரு தொகை போட்டாள். கூட்டி அவரிடம் நீட்டினாள்.

அவர் கண் விரிந்தது. "என்னக்கா இது, போன தடவை இதுல பாதிகூட வரலையே?"

"போன தடவை கழிக்காம சொல்லிட்டேன் தம்பி."

"கழிக்காமன்னா? புரியலையே. கழிச்சா குறையத்தானேக்கா செய்யும்?"

"எனக்கும் முதல்ல புரியலை," என்றாள் அவள். மேசை இழுப்பறையைத் திறந்து, புதிதாக அச்சடித்து வந்திருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் கார்பன் தாளை வைத்தாள். "முன்பணம் எவ்வளவு தரீங்க? எழுதிக்கறேன்."

"ரசீதா? நமக்குள்ள எதுக்குக்கா அதெல்லாம்?"

"எல்லாம் முறைப்படின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.